பசங்கள பன்னர்கட்டா ஜூவுக்கு கூட்டிட்டுப் போறது தப்பா?

பொம்மனஹள்ளி அம்மா:
எங்க லேஅவுட்ல இருக்கற தமிழ் குடும்பங்க எல்லாம் சேர்ந்து வர்ற ஞாயித்துக்கிழமை பெங்களூர் ஓரத்துல இருக்கற பன்னர்கட்டா ஜூவுக்குப் போலாம்னு பேசி, யாரு புளிசாதம் யாரு தயிர்சாதம்னு கூட முடிவாயிடுச்சு. திடீர்னு ஒருத்தர் வாட்ஸாப் குரூப்ல, ஜூங்கறது மிருகங்களுக்கு ஜெயில், டிக்கெட் வாங்கி ஜெயில வேடிக்கை பாக்க பசங்களுக்கு சொல்லிக் குடுக்காதீங்கன்னு போட்டுட்டாரு. அத பாத்துட்டு ரெண்டு குடும்பம் வரலன்னுட்டாங்க. எனக்கு மனசே ஆறல. என் பொண்ணு யானைய கோயில் வாசல்ல சங்கிலியோட பாத்திருக்கா, அவ்ளோதான். பன்னர்கட்டாவுல யானைங்க கூட்டமா குட்டியோட இருக்கறத பாத்தா அவளுக்கு நல்லதுதானே? இங்க இருக்கறவங்க மனசுல பட்டத சொல்லுங்க.

எருக்கஞ்செடி:
அக்கா, அந்த மெசேஜ் போட்டது நான் இல்ல, ஆனா அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. நீங்க எந்த ஜூலயாவது புலிக் கூண்டு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு பாத்திருக்கீங்களா? செவுத்தோரமா ஒரே கோட்டுல போகும், அதே எடத்துல திரும்பும், அதே காலடி மேலயே மறுபடி வரும், புல்லு தேஞ்சு அந்த வழி மட்டும் மண்ணு தெரியும். பசங்க பாத்து, ஐ புலி வாக்கிங் போகுதுன்னு கை தட்டுவாங்க. அது வாக்கிங் இல்ல. 2003-ல ஆக்ஸ்ஃபோர்ட்ல ரெண்டு பேர், ராஸ் கிளப்பும் ஜார்ஜியா மேசனும், நேச்சர் இதழ்ல எழுதுனாங்க, காட்டுல எந்த மாமிசபட்சிணி ரொம்ப தூரம் சுத்துமோ அதுதான் கூண்டுல இப்படி நடக்கறது அதிகம், அதுங்க குட்டி சாகறதும் அதிகம்னு. அடைச்சு வெச்ச மிருகத்தோட கஷ்டத்தப் பாத்து கை தட்டற பழக்கம் எதுக்கு அந்த வயசுல?

மெஜஸ்டிக் 365:
தம்பி, நீங்க சொல்ற புலி எந்த ஜூன்னு தெரியல, நான் பன்னர்கட்டாவ பத்தி மட்டும் பேசறேன், ஏன்னா 365 பஸ் புடிச்சு பசங்களோட நெறைய தடவ போயிருக்கேன். அங்க இருக்கற எல்லாத்தையும் யாரோ காட்டுல வலை போட்டு புடிச்சுட்டு வந்த மாதிரி பேசறீங்க. சர்க்கஸ்ல கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இந்த அஞ்சையும் வெச்சு வித்தை காட்டக்கூடாதுன்னு 1998-ல மத்திய அரசு அறிவிச்சுது, சர்க்கஸ்காரங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2001-ல தடை செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. சரி, அந்த சிங்கம் புலியெல்லாம் எங்க போகும்? பொறந்ததுல இருந்து கூண்டுல வளந்தது, வேட்டையாடத் தெரியாது, சர்க்கஸ் சிங்கத்துல நெறைய ஆப்பிரிக்க வகையும் நம்ம குஜராத் கிர் காட்டு வகையும் கலந்தது வேற, அத எந்தக் காட்டுல விடுவீங்க? அதுங்களுக்குன்னு மீட்பு மையம் வெச்ச எடத்துல பன்னர்கட்டா ஒண்ணு.

கரடி கதையும் சொல்றேன். சின்ன வயசுல நம்ம தெருவுக்கெல்லாம் கரடி வித்தை வரும், ஞாபகம் இருக்கா? குட்டியிலயே மூக்கு மேல பழுக்கக் காச்சுன ஊசியால ஓட்டை போட்டு கயிறு கோத்துடுவாங்க, பல்லைத் தட்டிடுவாங்க, கயிற இழுத்தா வலி தாங்காம எந்திரிச்சு ரெண்டு கால்ல நிக்கும், அதத்தான் நாம டான்ஸுன்னு பாத்தோம். வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு அப்படிப்பட்ட கரடிங்கள மீட்டு வெச்ச மையங்கள்ல ஒண்ணு பன்னர்கட்டாவுல இருக்கு. கடைசியா 2009-ல மீட்ட கரடியும் இங்கதான் வந்துச்சு. பல்லு இல்லாத கரடிய காட்டுல விட்டா என்னாகும்னு நீங்களே சொல்லுங்க. இத உங்க பசங்களுக்கு சொல்லிக் காட்டுனா, தெருவுல எவனாவது மிருகத்த வெச்சு வித்தை காட்டுனா காசு போட மாட்டாங்க.

எருக்கஞ்செடி:
அண்ணா, கரடிங்கள காப்பாத்துனத நான் குறை சொல்லல, அந்த வேலை செய்யறவங்கள கும்பிடறேன். என் கேள்வி வேற. மீட்பு மையத்துக்கு பார்வையாளர் கூட்டம் எதுக்கு? அப்புறம் சர்க்கஸ் மிருகம்னு மட்டும் சொல்லி முடிச்சுட முடியாது, சஃபாரில வெள்ளைப்புலி இருக்கே அது என்ன கணக்கு? பசங்க மொதல்ல கேக்கறதே வெள்ளைப்புலி எங்கன்னுதான். அது தனி இனமே இல்ல. 1951-ல ரீவா ராஜா காட்டுல ஒரு வெள்ளைக் குட்டிய புடிச்சு மோகன்னு பேர் வெச்சு வளத்தாரு, அத அதோட மகளோடயே சேத்து, இப்படி சொந்தத்துக்குள்ளயே பெருக்கி வந்ததுதான் இன்னைக்கு ஜூங்கள்ல நிக்கற வெள்ளைப்புலிங்கள்ல பெரும்பாலானது. அதனால மாறுகண்ணு, இன்னும் என்னென்னவோ கோளாறு. காட்டைக் காப்பாத்த அதால ஒரு பிரயோஜனமும் இல்ல, டிக்கெட்டுக்காக மட்டும் வெச்சிருக்கறது. அது முன்னாடி பசங்கள நிக்க வெச்சு போட்டோ எடுத்துட்டு இயற்கைய நேசிக்க கத்துக்குடுத்தேன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

2023-ல பன்னர்கட்டாவுலயே ஏழு சிறுத்தைக் குட்டிங்க வைரஸ் வந்து அடுத்தடுத்து செத்துச்சு, தடுப்பூசி போட்டும். 2025-ல சஃபாரி வண்டி ஜன்னல் கிட்ட சிறுத்தை வந்து ஒரு பையன் கையில கீறிடுச்சு. அதுங்களுக்கும் பாதுகாப்பு இல்ல, நமக்கும் இல்ல.

பொம்மனஹள்ளி அம்மா:
தம்பி, வெள்ளைப்புலி விஷயம் எனக்குத் தெரியாது, சொன்னதுக்கு நன்றி, பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்றேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஜூ வேணாம்னா வேற எங்க போய் பாக்கச் சொல்றீங்க? கபினி காட்டுல ஒரு ராத்திரி தங்கி ஜீப்புல போனா எங்க வீட்டு ஒரு மாச வாடகை காணாம போயிடும், அதுலயும் புலி வருமா வராதான்னு தெரியாது. எங்க லேஅவுட்ல வாட்ச்மேன் குடும்பம் இருக்கு, தர்மபுரி பக்கத்து ஆளுங்க, அவங்க பையனுக்கும் சேத்துத்தான் இந்த ப்ளான். அவன் மான் பாத்திருக்கறது புக்குல மட்டும். அவன்கிட்ட போய், கண்ணா இது நெறிமுறைப்படி சரியில்லன்னு சொல்லச் சொல்றீங்களா? காட்டைப் பாக்க காசு இருக்கறவன் காட்டுக்குப் போவான், இல்லாதவன் டிவில பாத்துக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கு.

யானை விஷயத்துலயும் பாருங்க. பன்னர்கட்டா யானைங்கள ஒட்டுன காட்டுக்குள்ள மேய விடறாங்க, காட்டு ஆண் யானைங்களோட சேந்து குட்டி போடுது. கோயில் வாசல்ல தார் ரோட்டுல நின்னு தும்பிக்கையால தலைல தட்டி காசு வாங்கற யானையும் இதுவும் ஒண்ணா?

எருக்கஞ்செடி:
காசு விஷயம் சொன்னீங்களே அக்கா, அதுக்குத்தான் வர்றேன். காசே வேணாம். ஒரு தொட்டி, ஒரு கறிவேப்பிலைச் செடி. எலுமிச்சை பட்டாம்பூச்சி தானா தேடி வந்து முட்டை போடும், அஞ்சாவது மாடியா இருந்தாலும் வரும். புழு சின்னதா இருக்கும்போது பாத்தா காக்கா எச்சம் மாதிரியே கருப்பும் வெள்ளையுமா இருக்கும், குருவி ஏமாந்துடும். பெருசானா இலைப் பச்சை. லேசா ஈர்க்குச்சியால தொட்டா தலைக்குப் பின்னாடி இருந்து ரெண்டு கொம்பு மாதிரி வெளிய நீட்டும், கூடவே ஒரு நாத்தம் வரும். அப்புறம் காம்புல ஒரு நூலை இடுப்புல கட்டிட்டு சாஞ்சு தொங்கும், கூட்டுப்புழு ஆயிடும். ஒரு காலைல கூடு கண்ணாடி மாதிரி ஆகி உள்ள றெக்கை டிசைன் தெரியும், அன்னைக்கு ஸ்கூலுக்கு லேட்டானாலும் பரவால்லன்னு பசங்களோட உக்காந்து பாக்கணும். வெளிய வரும்போது றெக்கை கசங்கி ஈரமா இருக்கும், காஞ்சதுக்கு அப்புறம்தான் பறக்கும். இதவிட எந்த ஜூ என்ன காட்டிடும்? வாட்ச்மேன் பையனுக்கு ஒரு செடி வாங்கிக் குடுங்க, நானே கொண்டு வந்து தர்றேன்.

பெரிய பசங்கன்னா பன்னர்கட்டா ரோட்டுலயே துரைசானிபாளையா காடு இருக்கு, காலைல வெயில் ஏறும்போது போங்க. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னாடி நீலப்புலி பட்டாம்பூச்சிங்க மேற்குத் தொடர்ச்சி மலைல இருந்து கிழக்கால கூட்டங்கூட்டமா போகும், பெங்களூர் ஊருக்கு நடுவுலயே ட்ராஃபிக்குக்கு மேல பறக்கறது தெரியும். கிலுகிலுப்பைச் செடி எங்க காஞ்சு கெடந்தாலும் அதுல மொய்க்கும். இலவசம்.

லால்பாக் பாட்டி:
எருக்கஞ்செடி தம்பி எழுதுனதப் படிச்சா சந்தோஷமா இருக்கு. ஆனா பன்னர்கட்டாவுலயே பட்டாம்பூச்சிப் பூங்கா இருக்கே, அதப் பத்தி யாரும் பேசலியே? 2006-ல தொறந்தது, நாட்டுலயே மொதல் பட்டாம்பூச்சிப் பூங்கா. ஏழரை ஏக்கர், நடுவுல வட்டமா பெரிய கூரை போட்ட எடம், உள்ள அருவி, செடி கொடி. எனக்கு மூட்டு வலி, காட்டுக்குள்ள நடக்க முடியாது, என் பேரன் சக்கர நாற்காலில வர்றவன். அங்க உள்ள போனா பட்டாம்பூச்சி அவன் மடி மேலயே வந்து உக்காந்துச்சு. துரைசானிபாளையாவுல மண்ணுப் பாதைல அவன எப்படித் தள்ளிட்டுப் போறது? எல்லாருக்கும் ஒரே வழி சரிவராது தம்பி. பட்டாம்பூச்சிக்கு ஆயுசே சில வாரம்தான், அதுக்குத் தேவையான பூவும், புழுவுக்குத் தேவையான செடியும் அங்கயே வளக்கறாங்க, புலிய அடைக்கறதும் இதுவும் ஒரே தராசுல நிக்காது.

எருக்கஞ்செடி:
பாட்டி, உங்க பேரனுக்காக நீங்க போனத நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பட்டாம்பூச்சிப் பூங்காவ நான் புலிக் கூண்டோட சேக்கவும் இல்ல. ஆனா அங்கயும் வர்ற கூட்டம் றெக்கையப் புடிச்சு பசங்க கையில குடுக்குது, அதான் வயித்தெரிச்சல். றெக்கை மேல இருக்கற பொடி மாதிரி செதில் விரல்ல ஒட்டிட்டு வந்துடும், அது மறுபடி வளராது.

மெஜஸ்டிக் 365:
அதுக்கு சட்டம் இருக்கு. வன உயிரின பாதுகாப்பு சட்டம் 1972, பிரிவு 38ஜெ, ஜூவுல மிருகத்த சீண்டக்கூடாது, தீனி போடக்கூடாது, சத்தம் போட்டு தொந்தரவு பண்ணக்கூடாது, குப்பை போடக்கூடாது. பேர் சொல்ல வேணாம், ஒரு ஜூல நீர்யானை வாயைத் தொறந்தப்போ ஒரு குடும்பமே சிப்ஸ் பாக்கெட்ட கவரோட உள்ள எறிஞ்சத பாத்தேன், அப்பா எறியறாரு, பையன் கை தட்டறான். நான் சத்தம் போட்டு காவலாளிய கூப்பிட்டேன். இந்தப் பிரிவுல கேஸ் போடுவாங்கன்னு அவர் சொன்னதும் அவங்க கெளம்பிட்டாங்க. ஜூ கெட்டதுன்னு ஒதுங்கிப் போறத விட நல்ல மனுஷங்க நெறைய போனா இந்த மாதிரி ஆளுங்கள தட்டிக் கேக்க ஆள் இருக்கும்ங்கறது என் கட்சி.

தேன்கனிக்கோட்டை:
எல்லாரும் காம்பவுண்டுக்கு உள்ள இருக்கறதப் பத்தியே பேசறீங்க, வெளிய இருக்கறதயும் கொஞ்சம் பாருங்க. ஜூவும் அத ஒட்டி இருக்கற தேசியப் பூங்கா காடும் 2002-லயே பிரிஞ்சு ஜூ தனி நிர்வாகம் ஆயிடுச்சு. அந்தக் காடு தெக்கால அப்படியே நம்ம தளி, தேன்கனிக்கோட்டை, காவிரி வடக்கு சரணாலயம் வரைக்கும் தொடருது. யானைங்களுக்கு கர்நாடகா தமிழ்நாடுன்னு எல்லை கெடையாது, ராகி கதிர் முத்தற நேரத்துல ஓசூர் பக்கம் எறங்கும், எங்க பெரியப்பா ராத்திரியெல்லாம் பரண் மேல தகரம் தட்டிட்டு உக்காந்திருப்பாரு, வெடியும் கெடையாது ஒண்ணும் கெடையாது, டார்ச்சும் தகரமும்தான்.

அந்தக் காட்டைச் சுத்தி சூழல் உணர்திறன் மண்டலம்னு, அதாவது குவாரி கட்டடத்துக்கெல்லாம் கட்டுப்பாடு வெக்கற எடம்னு, ஒண்ணு அறிவிச்சாங்க. 2016 வரைவுல 268 சதுர கிலோமீட்டர் சொச்சம். 2020-ல இறுதியா வந்தப்போ 168 சொச்சம். நூறு சதுர கிலோமீட்டர் போச்சு. கல் குவாரிக்கும் லேஅவுட்டுக்கும் வசதியா. அப்போ பெங்களூர்ல கொஞ்சம் பேர் ரோட்டுல நின்னாங்க, மிச்ச பேருக்கு அப்படி ஒரு காடு பக்கத்துல இருக்கறதே தெரியாது. எருக்கஞ்செடி, நீங்க சொல்ற புலிக் கூண்டுக்கு நான் ஆதரவு இல்ல. ஆனா பசங்க அந்தப் பக்கமே போகலன்னா அது அவங்களுக்கு மேப்புல ஒரு பச்சைக் கறை, அவ்ளோதான். அக்கா, நீங்க போங்க, போய் சஃபாரி முடிஞ்சதும் பசங்கள வேலி ஓரமா நிறுத்தி, அந்தப் பக்கம் இருக்கறதுதான் நெசக் காடு, யானை இங்கருந்து நம்ம ஊரு வரைக்கும் நடந்து போகும்னு காட்டுங்க.

எருக்கஞ்செடி:
அந்த மண்டல விஷயத்துல நானும் உங்க பக்கம்தான். ஆனா காட்டைக் காட்ட கூண்டு வழியாத்தான் போகணும்னு நான் ஒத்துக்க மாட்டேன். ஊர் ஓரத்துல துரஹள்ளி காடு இருக்கு, உங்க தளி பஸ் இருக்கு, அங்க போய் உங்க பெரியப்பா மாதிரி ஆளுங்ககிட்ட பசங்கள பேச விடுங்க, யானைய நேர்ல பாக்காமலே யானைய புரிஞ்சுக்குவாங்க.

பொம்மனஹள்ளி அம்மா:
எல்லாரும் இவ்ளோ அக்கறையா எழுதுனதுக்கு நன்றி. நாங்க போறோம். ஞாயித்துக்கிழமை கூட்டம் அலைமோதும்னு இப்போ இன்னொருத்தர் சொல்றாங்க, அதனால ஸ்கூல் லீவு விட்டதும் வார நாள்ல வெச்சுக்கலாம்னு மாத்தறோம். வெள்ளைப்புலி எப்படி வந்துச்சுன்னும் கரடி மூக்குல கயிறு எப்படி வந்துச்சுன்னும் பஸ்லயே பசங்களுக்கு சொல்லிடறேன். தீனி கீனி போட்டா நானே திட்டுவேன். தம்பி, கறிவேப்பிலைச் செடி தர்றேன்னு சொன்னீங்களே, அது நெஜமாவா? எங்க பால்கனில மதியம் வரைக்கும் வெயில் வரும்.

மெஜஸ்டிக் 365:
வார நாள்னா செவ்வாய் வேணாம்மா, அன்னைக்கு பூங்கா லீவு. வண்டில ஏறுனதும் ஜன்னல் கிட்ட பசங்கள உக்கார வைக்காதீங்க, கைய வெளிய நீட்ட விடாதீங்க. பட்டாம்பூச்சிப் பூங்காவ வெயில் நல்லா ஏறுனதுக்கு அப்புறம் வெச்சுக்கோங்க, மூடாப்பா இருந்தா ஒண்ணும் பறக்காது, எல்லாம் இலைக்கு அடில ஒக்காந்திருக்கும்.

எருக்கஞ்செடி:
செடி நெஜம்தான் அக்கா, ரெண்டு தொட்டி கொண்டு வர்றேன், வாட்ச்மேன் வீட்டுக்கு ஒண்ணு. மருந்து மட்டும் அடிக்காதீங்க, புழு இலையெல்லாம் மொட்டையாத் தின்னுடும், செடி மறுபடி துளுக்கும். ஜூவுக்கு நான் வரல.