அருங்காட்சியகம் கட்டும் முன் நகர மனையில் அகழாய்வு: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி (மண்ணடுக்கு)
பழைய நகர்ப்பகுதியில் இடித்த கட்டடத்தின் மனையில் அருங்காட்சியகம் வரப்போகிறது. மனையின் பாதியில் நிலவறை இருந்தது. மாதிரிக் குழியில் 3 மீட்டர் இறங்கியும் கன்னி மண் (மனிதக் கை படாத இயற்கை மண்) வரவில்லை. பைல் (கட்டடத்தைத் தாங்க மண்ணில் ஆழமாக இறக்கும் தூண்) இறக்குபவர்கள் தேதி கேட்கிறார்கள். 5×5 மீட்டர் குழிகளாகப் பிரித்து, இடையில் தோண்டாத மண்சுவராக வரப்பு விட்டுத் தோண்டலாமா?

பதில் (கரண்டி)
நகர மனைக்கு வரப்பு வேண்டாம். சுவரும் தரையும் சந்திக்கும் இடம் வரப்புக்குள் சிக்கிக்கொண்டால் எது முந்தையது என்றே தெரியாமல் போகும். முழுப் பரப்பையும் திறந்து எடுங்கள். மேலே உள்ள இடிபாட்டைப் பல் இல்லாத வாளி மாட்டிய இயந்திரத்தால் 10 செ.மீ. கனத்தில் வழிக்கலாம். கலையாத மண் தெரிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்.

குழி வெட்டியதற்கு ஓர் எண், அதை நிரப்பிய மண்ணுக்கு வேறோர் எண். எந்த அடுக்கு முந்தையது, எது பிந்தையது என்று காட்டும் ஹாரிஸ் வரைபடத்தை அன்றன்றைக்கே போடுங்கள். அதிகம் ஏமாற்றுவது கல் பெயர்த்த பள்ளம்தான். பழைய சுவரின் கல்லைப் பிற்காலத்தார் எடுத்துப் போயிருப்பார்கள். பள்ளத்தில் கிடப்பது அவர்கள் காலத்துப் பானை ஓடு. அதைச் சுவரின் கணக்கில் சேர்த்தால் சுவரின் காலமே பிந்திவிடும்.

நிலவறைப் பாதியைக் கைவிடாதீர்கள். கிணறுகளும் கழிவுக்குழிகளும் அதன் தரைக்குக் கீழேயும் இறங்கியிருக்கும்.

பதில் (அடித்தளம்)
தேதி கொடுக்கும் முன் பைல் வரைபடத்தை வாங்குங்கள். பைலின் குறுக்களவை மட்டும் கணக்கிடுவது பெரிய தவறு. பைல் தொப்பி (பைல்களின் தலையை இணைக்கும் கான்கிரீட் கட்டை), லிஃப்ட் பள்ளம், வடிகால் எல்லாம் சேர்ந்துதான் அதிகம் அழிக்கின்றன. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் பழைய குடியிருப்பின் இடிபாடுகளுக்கு மேல் தூண்களில் நிற்கிறது. 2009-இல் திறந்தார்கள், 2019-இல் கீழுள்ள இடிபாடுகளுக்கும் பார்வையாளர்களை அனுமதித்தார்கள். இடிபாட்டுக்கு ஏற்பத் தூணை நகர்த்த முடியும், ஆனால் வடிவமைப்பு முடிவதற்குள் கேட்க வேண்டும்.

மண்ணடுக்கு
3 மீட்டருக்குக் கீழே தண்ணீர் ஊறுகிறது. பம்ப் வைக்கலாமா?

பதில் (கரண்டி)
குழியின் ஒரு மூலையில் சிறு பள்ளம் வெட்டி, அங்கே சேர்வதை மட்டும் இறையுங்கள். மனையைச் சுற்றிக் குழாய் இறக்கி நீர்மட்டத்தையே தாழ்த்தினால் பக்கத்துக் கட்டடத்தின் அடிமண் அமுங்கி விரிசல் விடலாம். புதைந்த மரத்தையும் தோலையும் காத்துவந்ததே அந்த ஈரம்தான். எடுத்த கையோடு நனைத்து, பாலித்தீனில் சுற்றி, குளிர்ந்த இருட்டில் வையுங்கள். காய்ந்தால் மரம் சுருங்கி வெடிக்கும்.

கலப்படமில்லாத குழிமண்ணில் 40 லிட்டர் எடுத்து மிதக்கவிட்டு அலசுங்கள். மேலே மிதப்பதை 0.3 மி.மீ. வலையில் பிடித்தால் சிறு விதைகளும் தப்பாது. ஆழம் 1.2 மீட்டரைத் தாண்டினால், தாங்குபலகையோ படிவெட்டோ இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது. ஈரமண் சொல்லிவிட்டுச் சரியாது.