பீரியட்ஸ் நின்னு 9 வருஷம் கழிச்சு ரத்தம் படுது, அம்மா பயாப்ஸிக்கு வர மாட்டேங்கறாங்க

கேள்வி – மழைக்குருவி

அம்மாவுக்கு 61 வயசு. போன மாசம் பாவாடைய அலசிட்டிருக்கும்போது தண்ணி லேசா ரோஸ் கலர்ல ஓடுறத பார்த்துட்டேன், கேட்டா சூடு, வேற ஒண்ணுமில்லன்னுட்டாங்க, தோண்டித் துருவினா மூணு மாசமாவே அப்பப்போ படுதாம். இழுத்துட்டு போய் ஸ்கேன் எடுத்ததுல கர்ப்பப்பை உள்சவ்வு 11 மில்லிமீட்டர் தடிச்சிருக்கு, பயாப்ஸி எடுக்கணும்ங்கறாங்க. இவங்களோ போன வருஷம் பாப் ஸ்மியர் நார்மல்தானே, வலியும் இல்ல, எதுக்கு கிளறணும்னு ஒரே அடம். சுகர் இருக்கு, உடம்பும் கொஞ்சம் கனம். கேன்சரா இருந்தா எவ்ளோ நாள்... டைப் பண்ணவே கை வரல.

பதில் – நைட்_டியூட்டி

கைனிக் வார்டு நர்ஸ் நான். பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாயில பார்க்கறது, வாசல்ல எட்டிப் பார்த்துட்டு உள்ரூம் சுத்தமா இருக்குன்னு சொல்ல முடியாதில்லையா, அதான் விஷயம். வலி இல்லைன்னும் நம்பாதீங்க, வலி பெரும்பாலும் லேட்டாத்தான் வரும். கர்ப்பப்பை உள்சவ்வு கேன்சர் வந்தவங்கள்ல 10க்கு 9 பேருக்கு முதல்ல காட்டிக்கொடுக்கறது ரத்தப்போக்குதான். ஆனா திருப்பியும் பாருங்க, மாதவிடாய் நின்ன பிறகு ரத்தம் படறவங்கள்ல கேன்சர்னு வர்றது 10க்கு ஒருத்தருக்குத்தான், மத்தவங்களுக்கு பாலிப், இல்ல சவ்வு மெலிஞ்சு வறண்டு போறதுன்னு இருக்கும். 4 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பயம் ரொம்ப கம்மி, 11க்கு சதை எடுத்து பார்த்தே ஆகணும். உடம்பு கனமா இருந்தா கொழுப்புலயே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஊறும், அத அடக்கற புரொஜெஸ்டிரான் ஹார்மோன் இல்லாததால சவ்வு தடிச்சுக்கிட்டே போகும். பயாப்ஸி மெல்லிசான குழாய் விட்டு சில நிமிஷத்துல முடியும், பீரியட்ஸ் வலி மாதிரி சுருக்குனு இழுக்கும்.

பதில் – தேன்மிட்டாய்

எனக்கு இதேதான் வந்துச்சு, ஸ்டேஜ் 1 (கர்ப்பப்பைய தாண்டல), கிரேடு 1 (மெதுவா வளர்ற ரகம்). கர்ப்பப்பை, குழாய், சினைப்பை எல்லாத்தையும் எடுத்தாங்க, ரேடியேஷன்கூட தேவைப்படல, 4 வருஷம் ஆச்சு. பயாப்ஸி ரிப்போர்ட் வந்த ராத்திரி நான் கூகுள்ல தேடி அழுதது தனிக்கதை. அமெரிக்க கணக்குல கர்ப்பப்பைக்குள்ளயே இருந்தா 5 வருஷம் தாண்டறவங்க 100க்கு 95 பக்கம், அக்கம்பக்கம் பரவியிருந்தா 70 பக்கம், நுரையீரல் மாதிரி தூரமா போயிருந்தா 20 பக்கம்தான். ஆபரேஷன் ரிப்போர்ட்ல நான் மொதல்ல தேடினது ஒரே ஒரு வரி, கர்ப்பப்பை சுவரோட தசையில பாதி ஆழத்துக்கு மேல கேன்சர் இறங்கியிருக்கான்னு.

பதில் – ஒத்தையடி

சும்மா தைரியம் மட்டும் சொல்ல மனசு வரல. எங்க அத்தைக்கும் ஸ்டேஜ் 1தான், ஆனா செரஸ் வகை, அது முரடு, கீமோ கொடுத்தும் ரெண்டாவது வருஷமே திரும்ப வந்துச்சு. அதனால ஸ்டேஜ் மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, எந்த வகை, எடுத்த சதையில பி53, எம்எம்ஆர்னு ரெண்டு புரத டெஸ்ட் பார்த்தாச்சான்னு கேளுங்க. எம்எம்ஆர்ல (டிஎன்ஏ பிழைய சரிபண்ற புரதங்கள்) கோளாறுன்னா லிஞ்ச் சிண்ட்ரோமான்னு ஜெனடிக் டெஸ்ட் பார்ப்பாங்க, அது பரம்பரையா வர்றது, குடல் கேன்சர் வர்ற வாய்ப்பும் கூடும், உங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

மழைக்குருவி

வாசல் உள்ரூம் கதைய அப்படியே அம்மாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் நீயும் உள்ள வருவியான்னு கேட்டாங்க. வியாழக்கிழமை போறோம்.

நைட்_டியூட்டி

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாவது சாப்பிடறாங்கன்னா இப்பவே போன் பண்ணி சொல்லிடுங்க. பேட் எடுத்துட்டு போங்க, ரெண்டு நாள் லேசா படும்.