பக்லிடாக்சல் நானோதுகள்: ஒரே இரவில் ஊசிப் படிகம், உதவி தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். பேராதனையில் முதுகலை ஆய்வு செய்கிறேன். பக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை பிஎல்ஜிஏ (உடலில் மெல்லச் சிதையும் பொலிமர்) நானோதுகளில் ஏற்றும் வேலை மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது.

மருந்தையும், லாக்டிக், கிளைகோலிக் பகுதிகள் 50:50 உள்ள பிஎல்ஜிஏயையும் அசிட்டோனில் கரைத்து, 1% பொலோக்சமர் 188 (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பொருள்) கலந்த நீரில் துளித்துளியாக விடுகிறேன். அசிட்டோன் இரவு முழுக்க ஆவியாகும். மாலையில் பால் போலக் கலங்கல், துகள் சுமார் 180 நானோமீட்டர். காலையில் அடியில் வெள்ளைப் படிவு. நுணுக்குக்காட்டியில் ஊசி ஊசியாகப் படிகம்.

மருந்தை பொலிமர் எடையில் 10 சதவீதத்திலிருந்து 5க்குக் குறைத்தேன். படிகம் குறைந்தது, போகவில்லை. 0.45 மைக்ரோமீட்டர் வடியில் வடித்தேன், மறுநாள் திரும்ப வந்தது. 4 பாகை செல்சியஸில் வைத்தால் இன்னும் மோசம்.

இந்த மருந்து நீரில் மில்லிலீட்டருக்கு 1 மைக்ரோகிராம் கூடக் கரையாது. அதனால்தான் வழக்கமான ஊசி மருந்தில் கிரெமோஃபோரும் (ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யும், ஒவ்வாமை தரக்கூடிய கரைப்பான்) எத்தனோலும் சேர்க்கிறார்கள். ஹட்டனிலிருந்து வந்த என் பெரியம்மாவுக்கு அது ஏறும்போது மூச்சு முட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கிரெமோஃபோர் இல்லாமல் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் அன்று வந்தது.

படிகம் வராமலிருக்க முதலில் எதை மாற்றட்டும்: மருந்தின் அளவையா, பொலோக்சமரையா, அசிட்டோனை அகற்றும் வேகத்தையா?