ஒருமுறை மட்டும் வரும் சொல்லுக்கு ஒரு சொல்

> ‘ஹாபாக்ஸ் லெகோமெனான்’ (ஒரு நூலில் ஒரே ஒருமுறை வரும் சொல்லுக்கான கிரேக்கப் பெயர்) என்பதற்குத் தனிச்சொல் அல்லது அருஞ்சொல் போதாதா?

போதாது ஐயா. தனிச்சொல்லை யாப்பிலக்கணக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் அது உட்கார்ந்திருக்கிறது, அங்கிருந்து எழுப்ப முடியாது. அருஞ்சொல் என்றாலோ பொருள் எளிதில் விளங்காத சொல் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நமக்கு வேண்டியது எண்ணிக்கை. இரண்டாம் தீமோத்தேயு 3:16இல் வரும் ‘தெயோப்நியூஸ்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில்தான் உண்டு. ஆனால் பிரித்தால் கடவுள், ஊதுதல் என்று இரண்டு பகுதியும் பளிச்சென்று தெரியும். அதில் அருமை என்ன?

என் பரிந்துரை: ஒருமுறைச்சொல். கிரேக்கத் தொடரின் பொருளே ‘ஒருமுறை சொல்லப்பட்டது’ என்பதுதான். முதலில் ‘ஒருகாற்சொல்’ என்று எழுதிப் பார்த்தேன். ஒற்றைக்கால் சொல்லா என்று வீட்டில் சிரித்தார்கள், விட்டுவிட்டேன்.

> அப்படியானால் ‘எபியூசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல் என்ன கணக்கு? அது மத்தேயு 6:11, லூக்கா 11:3 இரண்டிலும் வருகிறதே.

நல்ல கேள்வி. பரமண்டல ஜெபத்தில் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை” என்று நாம் சொல்லும் இடத்தில், அந்த ‘வேண்டிய’ தான் எபியூசியோஸ். புதிய ஏற்பாடு முழுவதையும் எண்ணினால் அது இருமுறைச்சொல். மத்தேயுவை மட்டும் எண்ணினால் ஒருமுறைச்சொல். இரண்டும் ஒரே ஜெபம்தானே, ஒன்றாக எண்ணலாம் என்பாரும் உண்டு. அதனால் எந்த நூலுக்குள் எண்ணினோம் என்பதை முன்னால் போட்டே ஆகவேண்டும்: ‘மத்தேயு ஒருமுறைச்சொல்’ என்பதுபோல.

இந்தச் சொல்லின் கதையே தனி. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர், கிரேக்கமே தாய்மொழிபோல எழுதியவர், இதை அறிஞரும் ஆள்வதில்லை, மக்களும் பேசுவதில்லை, சுவிசேஷக்காரர்களே ஆக்கிய சொல்போலும் என்றார். ‘ஊசியா’ (இருப்பு) என்பதிலிருந்து வந்ததென்றால் உயிர்வாழ வேண்டிய உணவு. ‘எபியூசா’ என்பதிலிருந்து என்றால் வரும் நாளின் உணவு. அப்போஸ்தலர் 16:11இல் ‘மறுநாளிலே’ என்று நாம் படிப்பது அந்தச் சொல்லைத்தான். பைபிளில் சேராத ‘எபிரெயர் சுவிசேஷம்’ என்ற பழைய நூலில் இந்த இடத்தில் ‘மாஹார்’, அதாவது நாளை, என்று இருந்ததாக, பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் எழுதுகிறார். அவரே லத்தீனில் லூக்காவுக்கு ‘அன்றாட’ என்று விட்டுவிட்டு, மத்தேயுவுக்கு மட்டும் ‘பொருண்மைக்கு மேலான’ என்று புதிதாக ஒன்றைக் கட்டினார். ஒரே சொல்லுக்கு ஒரே ஆள் இரண்டு மொழிபெயர்ப்பு! நாம் ‘வேண்டிய’ என்று முதல் பொருளின் பக்கம் சாய்ந்திருக்கிறோம். கத்தோலிக்கரின் ‘அனுதின உணவு’ ஜெரோமின் லூக்காவோடு போகிறது.

வேடிக்கை இனிமேல்தான். எகிப்தில் ஹவாராவில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் (நாணல் ஏட்டு) செலவுக் கணக்கில் இதே சொல் இருப்பதாக சேஸ் என்ற அறிஞர் படித்து, 1889இல் அது அச்சேறியது. சரி, மளிகைக் கணக்கிலேயே இருக்கிறது, அன்றாடப் படிதான் என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். ஏடோ பிறகு கண்ணில் படவில்லை. 1998இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. மறுபடி படித்தால் அங்கே இருந்தது ‘எலாயு’. எண்ணெய்! ஆக, கிரேக்க எழுத்து முழுவதையும் எண்ணினால், ஒரு சொல் ஒருமுறைச்சொல்லா இல்லையா என்பது ஓர் எண்ணெய்க் கணக்கால்கூட மாறும்.

> சங்க இலக்கியச் சொல்லடைவுக்கும் இது ஒத்துவருமா?

வரும். ‘குறுந்தொகை ஒருமுறைச்சொல்’ என்றால் யாருக்கும் விளங்கும். இருமுறைச்சொல், மும்முறைச்சொல் என்று நீட்டவும் தடையில்லை. ஒன்றே ஒன்று: ‘ஒருமுறைச் சொல்’ என்று இடைவெளி விட்டால் தேடலில் சிதறும். பட்டியலில் சேர்த்தே எழுதுவோம்.