‘ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டேண்டிங்’: தப்பா, இல்லையா?

வைட்ஃபீல்டு வாசி:
நேத்து கிளையண்ட் கால்ல எங்க டீம் பொண்ணு, கோவில்பட்டிக்காரங்க, வேலைக்குப் புதுசு, ‘ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டேண்டிங் திஸ் ரெக்வயர்மென்ட்’னு சொன்னாங்க. கால் முடிஞ்ச கையோட லீடு குரூப் சாட்டுலயே ‘அண்டர்ஸ்டேண்டுக்கு ஐஎன்ஜி வராது, பேசிக் கிராமர்’னு போட்டுட்டாரு. அதுக்கப்புறம் அவங்க மீட்டிங்ல வாயே திறக்கலை. நிஜமாவே தப்பா? தப்புன்னா ‘ஐ ஆம் திங்கிங்’ மட்டும் எப்படிச் சரி?

அல்சூர் வாத்தியார்:
தப்புதான். அண்டர்ஸ்டேண்ட், நோ, பிலீவ், ரியலைஸ் எல்லாம் செயல் அல்ல, மனத்தின் நிலை. ஸ்டேட்டிவ் வெர்ப் என்போம். திங்க் இரட்டை வேஷம் போடும். ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ என்றால் என் கருத்து. ‘ஐ ஆம் திங்கிங் அபௌட் இட்’ என்றால் யோசனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்டர்ஸ்டேண்டுக்கு அந்த வேஷம் கிடையாது. குரூப்பில் போட்டது அநாகரிகம். சொன்ன இலக்கணம் சரி.

மர்ஃபி டவுன்:
அவ்வளவு சுலபமா முடிக்காதீங்க சார். ‘ஐ ஆம் அண்டர்ஸ்டேண்டிங் ஹிம் பெட்டர் நவ்’னு இங்கிலீஷைத் தாய்மொழியாப் பேசறவங்களே சொல்றாங்க. கொஞ்சம் கொஞ்சமா கூடிக்கிட்டே வர்ற புரிதல்னா ஐஎன்ஜி வரும். இமாஜினை எடுத்துக்குங்க. ‘ஐ இமாஜின் ஹி இஸ் டயர்ட்’ல கற்பனையே கிடையாது, ‘களைச்சிருப்பார்னு நினைக்கிறேன்’, அவ்ளோதான். ‘யூ ஆர் இமாஜினிங் திங்ஸ்’னா இல்லாததை இருக்குன்னு நினைச்சுக்கறே. வினை ஒண்ணு, வேலை வேற. வெறும் வார்த்தைப் பட்டியலை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? 2003-ல மெக்டொனால்ட்ஸ் ‘ஐம் லவிங் இட்’னு ஆரம்பிச்சாங்களே, லவ்வும் உங்க பட்டியல்ல இருக்கறதுதானே?

அல்சூர் வாத்தியார்:
விளம்பரக்காரன் தெரிந்தே மீறுகிறான். விதி இருப்பதால்தான் அந்த மீறல் காதில் நிற்கிறது. கூடிக்கொண்டே வரும் புரிதல் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அந்தப் பெண் ‘நாட்’ போட்டுவிட்டாரே, அங்கே எது கூடுகிறது?

சில்க்போர்டு சிக்னல்:
குழப்பம் கூடுது சார்.

மர்ஃபி டவுன்:
இந்திய ஆங்கிலத்துல இது பரவலான வழக்குன்னு மொழியியல்காரங்க பதிவு பண்ணியிருக்காங்க. நம்ம தாய்மொழி நம்மை அப்படிப் பேச வைக்குது. அதைப் போய்த் தப்புன்னா?

ஜெயநகர் நாலாவது பிளாக்:
வழக்குன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். தாய்மொழி மேல பழி போடாதீங்க. தமிழ்ல ‘எனக்கு அவரைத் தெரிஞ்சுக்கிட்டிருக்கு’ன்னு யார் சொல்றாங்க? தெரியும், அதோட சரி. ‘தெரியுது’ன்னு மாத்தினாலே அர்த்தம் வேற, கண்ணுக்குப் படுதுன்னு ஆயிடும். ‘புரியலை’ன்னுதான் சொல்றோம், அதுல எதுவும் ஓடிக்கிட்டிருக்கலை. புரியறதுங்கறது நம்ம பண்ற காரியம்கூட இல்லை. ‘எனக்கு’ப் புரியுது, தானா வந்து சேருது. வாத்தியார் சார் சொல்ற அந்த ‘நிலை’யைத் தமிழ் இங்கிலீஷைவிடக் கறாரா வெச்சிருக்கு.

இந்தி, கன்னடம் கதை வேற. ‘சமஜ் ரஹே ஹோ?’ன்னு, அதாவது ‘புரிஞ்சுக்கிட்டிருக்கியா?’ன்னு, இந்தியில சர்வ சாதாரணமா கேப்பாங்க. இங்க பெங்களூர்ல எங்க தெருக் கடைக்காரர்கிட்ட தமிழ்ல பேசினா, ‘புரியலை’ங்கறதைக் கன்னடத்துல ‘அர்த்த ஆக்தா இல்லா’ம்பார். அதுவும் நடந்துக்கிட்டிருக்கற வடிவம்தான்.

மர்ஃபி டவுன்:
கோவில்பட்டியில ஏதுங்க கன்னடம்? அந்தப் பொண்ணுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?

ஜெயநகர் நாலாவது பிளாக்:
பள்ளிக்கூடத்துலேர்ந்து. தினமும் நடந்தா சிம்பிள் பிரசென்ட், இப்ப நடந்துக்கிட்டிருந்தா கன்டின்யூவஸ். நாம எல்லாரும் படிச்ச பாடம்தானே? அவளுக்கு அந்த நிமிஷம் புரியலை. விதிப்படி ஐஎன்ஜி போட்டுட்டா. விதிவிலக்கை யாரும் அழுத்திச் சொல்லலை.

அல்சூர் வாத்தியார்:
சொன்னோம் அம்மா. பட்டியலாகச் சொன்னோம், பட்டியலாகவே மனப்பாடம் செய்தார்கள். பரீட்சையில் எல்லாரும் சரியாகத்தான் எழுதினார்கள். பேசும்போது யார் பட்டியலைப் புரட்டுகிறார்கள்?

ஹெச்எஸ்ஆர் லேஅவுட்:
இன்டர்வியூ பேனல்ல உக்கார்றவன் நான். இதுக்காக யாரையும் கழிச்சுக் கட்டினதில்லை. ஆனா வெளிநாட்டுக்காரங்க காதுல அது கொஞ்சம் இடறத்தான் செய்யும். அதுக்காக ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட்’னு மொட்டையா சொன்னாலும் வம்பு. இலக்கணம் சரி, தொனி வெடுக்குனு இருக்கும், ‘நீ சொல்ற லட்சணம் சரியில்லை’ங்கற மாதிரி. ‘சாரி, ஐ டிடின்ட் குவைட் ஃபாலோ தட்’னு ஆரம்பிச்சா எதிராளி தானே இன்னொரு தடவை விளக்குவார். காம்ப்ரிஹெண்ட் பக்கம் மட்டும் போகாதீங்க, வினாத்தாள்தான் ஞாபகம் வரும்.

எனக்கு நிஜமா எரிச்சல் மூட்டறது ‘லெட்ஸ் ஐடியேட்’தான். ‘யோசிக்கலாம்’னு சொன்னா சம்பளம் குறைஞ்சிடுமா?

மர்ஃபி டவுன்:
ஐடியேட் ஸ்டார்ட்அப்காரன் கண்டுபிடிச்சதில்லை பாஸ். 17-ஆம் நூற்றாண்டுலயே இருந்த வினை. புதுசுன்னா ‘க்ராக்’ (grok)தான். 1961-ல ராபர்ட் ஹெய்ன்லைன் ஒரு நாவல்ல செவ்வாய்க்கிரகத்து வார்த்தையா உருவாக்கினது. நேர் அர்த்தம் ‘குடிக்கறது’, ஒரு விஷயத்தோட ஒண்ணாக் கலந்துபோற அளவுக்குப் புரிஞ்சுக்கறதைச் சொல்லுது. புரோகிராமர்கள் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க, இப்ப ஒரு சாட்பாட்டுக்கே அந்தப் பேர்.

சில்க்போர்டு சிக்னல்:
செவ்வாய்க்காரன் குடிச்சா புரியுது. நம்ம ஆளுங்க ரெக்வயர்மென்ட் புரியலைன்னு குடிக்கறாங்க.

வைட்ஃபீல்டு வாசி:
விஷயத்துக்கு வாங்கப்பா. லீடுகிட்ட ஏதாவது சொல்லணுமா, வேண்டாமா?

அல்சூர் வாத்தியார்:
வேண்டாம் தம்பி. நமக்கெதற்கு மேலதிகாரி பகை? அந்தப் பெண்ணுக்கு ‘ஃபாலோ’ வாக்கியத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

ஜெயநகர் நாலாவது பிளாக்:
சார், நேர் எதிர். லீடுகிட்டதான் முதல்ல பேசணும். புரியலைன்னு சொல்லத் துணிஞ்ச ஒரே ஆளை வாயடைச்சுட்டாரு. அடுத்த ஸ்பிரிண்ட்ல, அதாவது அடுத்த கட்ட வேலையில, தப்பா எதையாவது கட்டி நின்னா அதுக்கு ஐஎன்ஜியா பதில் சொல்லும்?

வைட்ஃபீல்டு வாசி:
அவரும் சேலத்துக்காரர்தான். திங்கக்கிழமை மதியம் சாப்பிடப் போறப்போ தனியாப் பேசறேன்.