லினக்ஸ் டிரைவ் ஃபைலை விண்டோஸில் எடுக்க வழி?

பாளையங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சிமாரே, எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் அமைப்பு) ஹார்ட்டிஸ்கை யூஎஸ்பியில் மாட்டினால் விண்டோஸ் 11 'ஃபார்மட் பண்ணவா' என்கிறது. ஃபைல்களை மட்டும் எடுக்கணும்.

ஜங்ஷன் வாசி:
கேன்சல் கொடும் வே! டிஸ்க் கெடவில்லை, விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 தெரியாது, அம்புட்டுதான். டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) இருந்தால் பவர்ஷெல்லை (கட்டளை அடிக்கும் விண்டோ) அட்மினாகத் திறந்து, டபிள்யூஎஸ்எல்லின் மவுண்ட் (டிஸ்கை இணைக்கும்) கட்டளையில் டிஸ்க் எண், பார்ட்டிஷன் எண், கூடவே ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆப்ஷன் கொடும். எண்ணை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அளவை வைத்து ரெண்டு தடவை சரிபாரும். எக்ஸ்புளோரரில் லினக்ஸ் பகுதியில், எம்என்டி (mnt) ஃபோல்டருக்குள் டபிள்யூஎஸ்எல் (wsl) ஃபோல்டரில் தெரியும்.

ஆத்தங்கரை:
பென்டிரைவுக்கு அது எடுபடாது. விண்டோஸ் இருக்கும் அதே டிஸ்குக்கும் ஆகாது, முழு டிஸ்கையும் கேட்கும். அந்த ரெண்டுக்கும் டிஸ்க்இன்டர்னல்ஸ் லினக்ஸ் ரீடர் என்ற மென்பொருள் போதும். படிக்க மட்டும்தான் செய்யும், நமக்கு அதுதானே வேணும்.

ஜங்ஷன் வாசி:
கழற்றும் முன்னே அன்மவுண்ட் கட்டளை. மறந்துராதீரும்.