கடை நம்பரை இ-சிம் ஆக்கினேன், நேத்துலருந்து லைன் செத்துக் கிடக்கு. உதவி தேவை

மாட்டுத்தாவணி மல்லி | செவ்வாய், இரவு 9.40

பூ மார்க்கெட்ல கமிஷன் கடை. கடைக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர். பழைய போன்ல ரெண்டும் அட்டை சிம்மாவே கிடந்துச்சு. மகன் வாங்கிக் கொடுத்த புது போன்ல ஒரே ஒரு சிம் குழிதான், ரெண்டாவது இ-சிம்மாத்தான் (அட்டை இல்லாம போனுக்குள்ளேயே ஏறுற சிம்) போடணுமாம். சரின்னு கடை நம்பரை மாத்தச் சொல்லி சிம் கம்பெனிக்கு மெசேஜ் அனுப்பினேன்.

மெயில்ல க்யூஆர் வந்துச்சு. மெயில் இருக்கிறதும் இதே போன், ஸ்கேன் பண்ண வேண்டியதும் இதே போன்! டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் பிரின்ட் எடுத்து ஸ்கேன் பண்ணினேன். கால் மணி நேரமா சுத்திக்கிட்டே இருந்துச்சு, சிக்னல் வரல. அதுக்குள்ள பழைய அட்டையும் செத்துருச்சு. தப்பா ஏறிருச்சோன்னு போன்ல ஏறின இ-சிம்மை அழிச்சுட்டு மறுபடி ஸ்கேன் பண்ணினா, இந்தக் கோடு ஏற்கெனவே பயன்படுத்தியாச்சுங்குது.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பூப் போடுறவங்க அம்புட்டுப் பேருகிட்டயும் இந்த நம்பர்தான் இருக்கு. கம்பெனி பேரு வேணாம், வழி மட்டும் சொல்லுங்க.

சிம்மக்கல் சிங்கம் | 9.52

போனை ஃபேக்டரி ரீசெட் போட்டுப் பாருங்கண்ணே, சரியாயிரும்.

மேலூர்க்காரி | 10.15

ரீசெட் எல்லாம் போட்றாதீங்க. போட்டோவும் கணக்கும் போறதுதான் மிச்சம்.

நான் ஆறு வருசம் சிம் கவுன்டர்ல இருந்தவ. அண்ணே, நீங்க ஸ்கேன் பண்ணினப்ப எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு. பழைய அட்டை செத்ததே அதுக்கு அடையாளம். அந்தப் பக்கம் லைன் மாற ரெண்டு மணி நேரம்கூட ஆகும். நீங்க கால் மணி நேரத்துல அவசரப்பட்டு அழிச்சுட்டீங்க. அந்த க்யூஆர் ஒரு தடவைக்குத்தான், சினிமா டிக்கெட்டைக் கிழிச்சு உள்ள விட்ட மாதிரி. போன்ல அழிச்சா சிம்மை உடைச்சுப் போட்டதுக்குச் சமம்.

இனி புது க்யூஆர்தான் வாங்கணும். நம்பர் செத்துக் கிடக்கிறதால மெசேஜ் அனுப்பிக் கேட்கவும் முடியாது. ரோட்டோரக் குடைக் கடைக்குப் போகாம கம்பெனியோட சொந்த ஷோரூமுக்கே போங்க. அசல் ஆதாரை எடுத்துக்கோங்க, கைரேகை வைக்கச் சொல்வாங்க. போறதுக்கு முன்னாடி *#06# அடிங்க. 15 இலக்கம் ஐஎம்ஈஐ, அது போனோட அடையாள நம்பர். 32 இலக்கம் ஈஐடி, அது போனுக்குள்ள இருக்கிற இ-சிம் சில்லோட நம்பர். ரெண்டையும் படம் பிடிச்சு வச்சுக்கோங்க. சில கம்பெனிக்கு அந்த ஈஐடி இல்லாம வேலை ஆகாது.

வைஃபை இருக்கிற இடத்துல உட்கார்ந்து ஸ்கேன் பண்ணுங்க. பண்ணினப்புறம் டீ குடிக்கப் போங்க, போனைத் தொடாதீங்க.

மாட்டுத்தாவணி மல்லி | புதன், மாலை 4.20

அக்கா சொன்னபடியே செஞ்சேன். 12 மணிக்கு ஸ்கேன், ஒன்றரைக்கு ரெண்டு கோடு சிக்னல் வந்துச்சு. கால் போகுது, வருது. ஆனா பேங்க் ஓடிபி ஒண்ணுகூட வரல. யுபிஐ மறுபடி பதியச் சொல்லுது, பதிய மாட்டேங்குது. மறுபடி எதையாவது கெடுத்துட்டேனா?

இன்னொண்ணு. வீட்டு நம்பருக்கு ஒருத்தன் கூப்பிட்டு, "உங்க இ-சிம் பாதியில நிக்குது சார், நான் அனுப்புற 32 இலக்க நம்பரை கம்பெனிக்கு மெசேஜா அனுப்புங்க, உடனே சரியாயிரும்"னான். செய்யவா?

மேலூர்க்காரி | 4.26

செய்யாதீங்க!! அந்த 32 இலக்கம் அவன் போனோட ஈஐடி. நீங்க அனுப்பினா உங்க லைன் அவன் போன்ல போய் ஏறும், அப்புறம் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான். ஈஐடின்னா உங்க போன்ல *#06# அடிச்சு வர்றது மட்டும்தான். உங்க விசயம் தெரிஞ்சு கூப்பிட்டிருப்பான்னு நினைக்காதீங்க, நூறு பேருக்கு அடிச்சா ஒருத்தர் மாட்டுவார்னு அடிக்கிறான். பணம் ஏதும் போயிருந்தா உடனே 1930க்கு அடிங்க, சைபர் மோசடிப் புகார் நம்பர் அது.

ஓடிபி வராததுக்குக் காரணம் வேற. சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் போகாது, வரவும் வராது. தொலைத்தொடர்புத் துறை விதி அது. இப்படி ஒருத்தன் நம்பரைத் திருடினா உடனே பேங்கைத் துடைச்சிரக் கூடாதுன்னுதான். யுபிஐ பதியும்போது போன் தானா ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், அதுவும் அடைபட்டிருக்கு. நாளைக்கு மத்தியானம் பாருங்க.

மாட்டுத்தாவணி மல்லி | வியாழன், காலை 11.05

அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டேன். இன்னைக்குக் காலையில வேற தலைவலி. வீட்டு நம்பர்ல சம்சாரத்தோட பேசிக்கிட்டிருந்தேன், அந்நேரம் கடை நம்பருக்குக் கூப்பிட்டவங்களுக்கெல்லாம் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு சொல்லியிருக்கு. ஒருத்தர் வேற கடையில மல்லியை இறக்கிட்டார்.

அழகர்கோவில் ரிட்டயர்டு | 11.30

இது இ-சிம் கோளாறு அல்ல. பெரும்பாலான போன்களில் இரண்டு லைனும் காத்திருக்கும், பேச்சு ஒன்றில்தான் நடக்கும். ஒன்றில் பேசினால் மற்றது உறங்கிவிடும். இரண்டு அட்டை போட்ட காலத்திலும் இதே கதைதான், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

வழி இருக்கிறது. கடை நம்பரின் கால் ஃபார்வர்டிங்கில் (அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பும் வசதி) 'கிடைக்காதபோது' என்ற இடத்தில் வீட்டு நம்பரைப் போடுங்கள். வீட்டு நம்பரில் கால் வெயிட்டிங்கை இயக்குங்கள். வீட்டில் பேசும்போது வரும் கடை அழைப்பு, காத்திருக்கும் அழைப்பாக அங்கேயே ஒலிக்கும். கடை நம்பரில் பேசுகையில் வீட்டு அழைப்பும் வர வேண்டுமென்றால் மறுபக்கமும் அப்படியே. எல்லாம் போன் செட்டிங்கில் செய்ய வேண்டியது. யாராவது *401 என்று தொடங்கும் எண்ணை அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அழைப்புகளைத் திருட அதுதான் வழியாக இருந்தது, 2024 ஏப்ரல் 15 முதல் அதை நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை சொல்லிவிட்டது.

ஆனால் ஒரு கேள்வி. கடை நம்பரை ஏன் இ-சிம் ஆக்கினீர்கள்? பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற இடம். போன் நனைந்து செத்தால், அட்டை சிம்மை எடுத்துப் பழைய பட்டன் போனில் போட்டு ஐந்து நிமிடத்தில் யாவாரம் பார்க்கலாம். இ-சிம்மை எதில் போடுவீர்கள்?

சிம்மக்கல் சிங்கம் | 11.41

அது சரி சார், ஆனா பெரியார் பஸ் ஸ்டாண்டுல என் போனைத் தூக்கினவன் முதல்ல செஞ்சது சிம்மை உருவி எறிஞ்சதுதான். இ-சிம்மா இருந்தா உருவ முடியாது, போனை ஆன் பண்ணினா லைன் இருக்கும், தேட வாய்ப்பு உண்டு. பேங்க் நம்பர் இ-சிம்ல இருக்கிறதுதான் நல்லது.

அழகர்கோவில் ரிட்டயர்டு | 11.50

தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. அட்டையையே வைத்திருந்தால் சிம்முக்கு 'பின்' (PIN) என்ற ரகசிய நம்பர் போட்டுக்கொள்ளலாம், வேறு போனில் போட்டாலும் திறக்காது. ஆனால் தப்பான பின்னை மூன்று முறை அடித்தால் பூட்டிக்கொள்ளும், எழுதி வையுங்கள்.

மாட்டுத்தாவணி மல்லி | சனி, இரவு 8.10

ஓடிபி வியாழன் மத்தியானமே வந்துருச்சு, யுபிஐயும் பதிஞ்சாச்சு. ஃபார்வர்டு போட்டதுல வெள்ளிக்கிழமை விடியக்காலையில ஒரு கால் தவறல.

ரிட்டயர்டு சார் சொன்னது மண்டையில உறைக்குது. நேத்து தண்ணி தெளிக்கும்போதே போன் நனைஞ்சது, நல்லவேளை தப்பிச்சுது. கடை நம்பரை அட்டையாக்கிட்டு வீட்டு நம்பரை இ-சிம் ஆக்கிறலாம்னு இருக்கேன். ஆனா இப்ப வேணாம். ரெண்டு நம்பருக்கும் மறுபடி 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிக்கும். ஆடி பிறக்கட்டும், கோயில் பூ ஓடும், கல்யாண ஆர்டர் இருக்காது. அப்ப பாத்துக்கிறேன்.

மேலூர்க்காரி | 8.22

ஒரே நாள்ல ரெண்டையும் மாத்தாதீங்கண்ணே. முதல்ல கடை நம்பரை அட்டையாக்குங்க, அதுல ஓடிபி வந்தப்புறம் வீட்டு நம்பரைத் தொடுங்க. பழைய அட்டையைத் தூக்கிட்டுப் போகாதீங்க, அது திரும்ப உயிர் பெறாது, புதுசுதான் தருவாங்க. அசல் ஆதாரை மறந்துறாதீங்க.

மாட்டுத்தாவணி மல்லி | 8.25

சரிக்கா. மார்க்கெட் பக்கம் வந்தா கடைக்கு வாங்க, ரெண்டு முழம் மல்லி என் கணக்குல.